உண்ணிக் காய்ச்சலும் ஒரு செம்புத் தண்ணீரும்

"தண்ணிய மாடு குடிக்கட்டும்! நான் குடிக்கிறது பால். வெவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து இந்தத் தொண்டையில வெறுந்தண்ணி ஒரு சொட்டு இறங்கினதில்ல. இனியும் இறங்காது!"

பால் உற்பத்தியாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஒலிபெருக்கியை இரு கைகளாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நம் நாயகர் செய்த பிரகடனம் இது. பேச்சாளர்களுக்கென்று சங்கம் மேசையில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலை, செத்த கரப்பானை ஒதுக்குவதுபோல ஒற்றை விரலால் அவர் ஓரம் தள்ளியதை அரங்கமே பார்த்தது. கைதட்டல் கூரையைப் பிளந்தது. அதே நேரத்தில் பின்வாசல் வழியாக டீ வந்தது என்பதால், எந்தக் கைதட்டல் எதற்கு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

அன்று முதல் அவருக்குச் 'சொட்டு' என்று பெயர். பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது இப்போது மின்கட்டண ரசீதில் மட்டும் உயிரோடு இருக்கிறது.

நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். அவர் ஊற்றும் பாலிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. இதனால் அவர் இழந்த வாடிக்கையாளர்கள் அதிகம். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரத்திலேயே வந்து, "உங்க பால் ஏதோ மாதிரி இருக்குங்க, கெட்டியா இருக்கு, வயித்துக்கு ஒத்துக்கல" என்பார்கள். "நீங்க இதுக்கு முன்னாடி குடிச்சது பால் இல்ல. உங்க வயிறு இப்பத்தான் பாலைப் பாக்குது, வெக்கப்படுது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. தகரக் கூரை, ரப்பர் விரிப்பு, நான்கு பசுக்கள், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு மின்விசிறி. அந்த மின்விசிறி படுக்கையறையில் இருப்பதைவிடப் புதியது. "என்னையும் கொண்டுபோய் அங்கேயே கட்டிப் போடுங்க, காத்தாவது வரும்" என்று அவர் மனைவி வெயில் காலம் தோறும் மனு கொடுத்துவருகிறார். மனு பரிசீலனையில் இருக்கிறது.

நான்கு பசுக்களில் ஒருத்திக்கு மகாராணி என்று பெயர். குணமும் அதேதான். சொட்டைத் தவிர வேறு யார் கிட்டே போனாலும் பின்னங்காலால் பதில் சொல்வாள். சொட்டின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒருமுறை அவளைத் தட்டிக்கொடுக்கப் போய், தொடையில் குளம்பின் முத்திரையோடு திரும்பி வந்தார். அவர் கார் ஓட்டப் பழக்கும் பள்ளி நடத்துபவர். "எத்தனையோ பேர் என் மேல வண்டிய ஏத்தப் பாத்திருக்காங்க மாமா. ஒருத்தருக்கும் இந்தக் குறி கிடையாது" என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டார்.

மகாராணி நிறைசினை. போன தடவை கன்று தலைகீழாக, பின்னங்கால் முதலில் வந்து, மாட்டு டாக்டரும் சொட்டும் சேர்ந்து வேர்த்து விறுவிறுத்துத்தான் அதை உயிரோடு வெளியே எடுத்தார்கள். அதனால் இந்தத் தடவை டாக்டர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார்: "ஈனும்போது நீங்க பக்கத்துல இருந்தே ஆகணும். உங்களைத் தவிர யாரையும் அவ அண்ட விடமாட்டா. நான் மட்டும் வந்து என்ன பண்றது, உதை வாங்கறதா?"

"நான் எங்க போகப்போறேன்?" என்றார் சொட்டு. அந்த வாரமே காய்ச்சலில் படுத்தார்.

காய்ச்சல் சாதாரணமாக வரவில்லை; ஊர்வலம்போல வந்தது. தலைவலி முன்னால், குளிர் நடுக்கம் நடுவில், மூட்டுவலி பின்னால். மச்சான் ஓடி வந்தார். பல்வலிக்கு வாங்கியதில் மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரைகள் அவர் பையில் எப்போதும் இருக்கும்.

"இது என்னத்துக்குடா?" என்றார் அக்கா.

"பல்லுக்குக் கேட்ட மருந்து உடம்புக்குக் கேக்காதாக்கா? பல்லு என்ன பக்கத்து வீட்லயா இருக்கு?"

சொட்டு அந்த மாத்திரைகளைப் பாலோடு விழுங்கினார். காய்ச்சல் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. உடம்பெங்கும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் கிளம்பியதும் மனைவி பொறுமை இழந்தார். கணவரை எழுப்பித் தம்பியின் காரில் ஏற்றினார். அது பயிற்சிக் கார். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் உண்டு. சொட்டு அந்த இருக்கையில் அமர்ந்து, மருத்துவமனை வரும்வரை பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

"மாமா, காலை எடுங்க."

"உடம்பு நடுங்குதுடா மச்சான், தானா படுது."

"உடம்புதானே நடுங்குது? கால் ரொம்ப நிதானமால்ல இருக்கு!"

டாக்டரம்மா அதிகம் பேசாதவர். என்ன தொழில் என்று கேட்டார். மாடு என்றதும், நாக்கைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் காது மடலுக்குப் பின்னால் பார்த்தார், அக்குளில் பார்த்தார், சட்டையைத் தூக்கச் சொல்லி இடுப்பைப் பார்த்தார். இடுப்புப் பட்டை பதியும் இடத்தில், சுற்றிலும் சிவந்து, நடுவில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கருப்புப் பொருக்கு.

"இது என்ன?"

"அதுவா? கயிறு உரசினது."

"வலிச்சுதா?"

"இல்ல."

"கயிறு உரசினா வலிக்கும். இது உண்ணி கடிச்ச இடம். மாட்டு மேல உண்ணி இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"கையாலயே பிடுங்கி நகத்தாலயே நசுக்கிடுவேன், டாக்டரம்மா. என் கைக்குத் தப்பின உண்ணி கிடையாது."

"ஒண்ணு தப்பியிருக்கு" என்றார் டாக்டரம்மா.

பிறகு எளிமையாக விளக்கினார். உண்ணி கடிக்கும்போது சில சமயம் ஒரு கிருமியை உள்ளே விட்டுவிடும். அந்தக் கிருமி ரத்தத்தில் சும்மா மிதந்துகொண்டிருக்காது. உடம்பின் செல்லுக்குள்ளேயே புகுந்து குடித்தனம் நடத்தும். மச்சானின் பல் மாத்திரை அதன் வாசற்படியைக்கூடத் தொடாது. அதற்கென்று தோதான மருந்து டாக்ஸிசைக்ளின். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பலாம். ஆனால் முடிவு வரட்டும் என்று காத்திருக்க முடியாது. தாமதித்தால் நுரையீரல், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகக் கை வைக்கும்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு டம்ளர் நிறைய தண்ணி குடிச்சு விழுங்கணும். விழுங்கின உடனே படுக்கக் கூடாது, தொண்டைக்குழாய்ல ஒட்டிப் புண்ணாக்கிடும். வெயில்ல நிக்கக் கூடாது, தோல் கருகும். முக்கியமா, மாத்திரை போடற நேரத்துல பால் வேண்டாம். கால்சியம், வயித்துப் புளிப்புக்குக் குடிக்கிற மருந்து எதுவும் கூடாது. புரிஞ்சுதா?"

சொட்டு பலமாகத் தலையாட்டினார். தண்ணீர் என்ற சொல் வந்த இடத்தில் காது தானாக மூடிக்கொண்டது. பால் வேண்டாம் என்ற இடத்தில் மனம் புண்பட்டது. மாடு இல்லாதவர்களுக்குச் சொல்கிற பொது யோசனை இது, நம்மைக் கட்டுப்படுத்தாது என்று திரும்பி வரும் வழியிலேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

இங்கே ஒரு ராஜரகசியத்தை வெளியிட வேண்டியிருக்கிறது. சொட்டு குடித்தது வெறும் பால் அல்ல. கொட்டகை அலமாரியில், மல்யுத்த வீரனைப்போல ஒரு பசு மார்பை நிமிர்த்தி நிற்கும் படம் போட்ட கேன் ஒன்று உண்டு. மாட்டுக்கான கால்சியம் டானிக். மகாராணியின் எலும்புக்காக வாங்கியது. அதிலிருந்து நாள்தோறும் ஒரு மூடி எடுத்துத் தன் பாலில் கலந்துகொள்வது அவர் வழக்கம். 'மாட்டு எலும்புக்கு நல்லதுன்னா மனுஷ எலும்புக்கு மட்டும் கெட்டதா?' என்பது அவர் தர்க்கம். காய்ச்சலில் பலம் குறைந்ததாகத் தோன்றியதால் இப்போது இரண்டு மூடி.

மனைவி வேளை தவறாமல் மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கட்டிலருகே வைத்துவிட்டுப் போவார். திரும்பி வரும்போது டம்ளர் காலியாக இருக்கும். ஜன்னலோரம் ஒரு தொட்டிச் செடி இருந்தது. கல்யாணப் பரிசாக வந்த தாய்ச்செடியின் வாரிசு. அந்த வீட்டில் யாரும் கவனிக்காததால், செத்துவிடலாமா என்று நெடுநாளாக யோசித்துக்கொண்டிருந்தது. அதுபற்றி வேறெதுவும் சொல்வதற்கில்லை, இப்போதைக்கு.

மூன்று நாள் கழிந்தும் காய்ச்சல் அசையவில்லை. மறுபடி பயிற்சிக் கார், மறுபடி பிரேக். டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

"பிரஷர், மூச்சு எல்லாம் சரியா இருக்கு. ஆனா இந்த மருந்துக்கு ரெண்டு மூணு நாள்ல காய்ச்சல் இறங்கியிருக்கணுமே. நோயே வேறயோன்னு சந்தேகமா இருக்கு. அட்மிட் பண்ணிடலாம்."

சொட்டின் முகம் தயிராக உறைந்தது. "அய்யய்யோ, மகாராணி!"

"யாரு, வீட்டம்மாவா?"

"மாடுங்க" என்றார் வீட்டம்மா, எந்த உணர்ச்சியும் இல்லாமல். "இன்னிக்கோ நாளைக்கோ ஈனப்போகுது. இவர் இல்லேன்னா யாரையும் கிட்ட சேக்காது. போன தடவையே உயிருக்குத் தத்தளிச்சுது."

"மாட்டுக்காக உயிரைக் கொடுக்க முடியுமா?" என்றார் டாக்டரம்மா.

"அதுக்காக மாட்டோட உயிரை எடுக்கவும் முடியாது, டாக்டரம்மா" என்றார் சொட்டு. "நான் இங்க படுத்துட்டா தாயும் கன்னும் ரெண்டும் போயிடும்."

பிறகு மனைவி, மேசை விரிப்பைப் பார்த்தபடி, சம்பந்தமே இல்லாத ஒரு செய்தியைச் சொன்னார்.

"டாக்டரம்மா, எங்க வீட்டு ஜன்னல் செடி துளிர் விட்டிருக்கு."

டாக்டரம்மா பேனாவை வைத்தார்.

"நான் அதுக்குத் தண்ணியே ஊத்தினதில்ல. இந்த மூணு நாளா மண்ணு ஈரமா இருக்கு. நாலு இலை விட்டிருக்கு. ஒண்ணு நல்ல பெரிய இலை."

சொட்டு கூரையில் ஏதோ ஓட்டை இருக்கிறதா என்று ஆராயத் தொடங்கினார்.

"தண்ணி செடிக்குப் போச்சு. அப்ப மாத்திரை எதோட போச்சு?" என்றார் டாக்டரம்மா.

"பாலோட" என்றார் சொட்டு, தொண்டைக்குள்.

"பால் மட்டும்தானா?"

"கொஞ்சம்… கால்சியம்."

"கால்சியமா? யார் எழுதிக் கொடுத்தது?"

"என்னோடது இல்லீங்க. மகாராணியோடது."

மச்சான் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். நடைக்கூடத்திலிருந்து யாரோ மூச்சுத் திணறுவதுபோன்ற சத்தம் வந்தது. ஒரு நர்ஸ் பதறி ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

டாக்டரம்மா கோபப்படவில்லை, தன் கணிப்பு தப்பவில்லை என்ற நிம்மதிதான் தெரிந்தது. "கால்சியம் இந்த மருந்தைக் கட்டிப் பிடிச்சுக்கும். ரெண்டும் கையைக் கோத்துக்கிட்டு வயித்து வழியா வந்து, குடலைச் சுத்திப் பாத்துட்டு, அப்படியே வெளிய போயிடும். ரத்தத்துல சேரவே சேராது. நீங்க மாத்திரை சாப்பிடல. மாத்திரைய சுற்றுலா அனுப்பியிருக்கீங்க."

சொட்டு தலை குனிந்தார்.

"ஒண்ணு கேக்கறேன். மாட்டு டாக்டர் ஒரு மருந்து கொடுத்து, இதோட தவிடு வைக்காதீங்கன்னு சொன்னா வைப்பீங்களா?"

"மாட்டு விஷயத்துல விளையாட முடியுமா, டாக்டரம்மா!"

"அப்ப உங்களையும் ஒரு மாடுன்னு நினைச்சுக்குங்க. மாத்திரை திரும்பவும் முதல்லேர்ந்து. நாளை மறுநாளுக்குள்ள இறங்கலேன்னா படுக்கை தயார். நடுவுல மூச்சு வாங்கினா, பேச்சு குழறினா, உடனே வரணும்."

வீடு திரும்பியதும் அரசியல் நெருக்கடி உருவானது. மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்தார். "சரித்திரம் மாறப்போகுது. பாக்காம போக மாட்டேன்."

"எழுந்து போடா."

"சங்கத்து ஆளுங்களையும் கூப்பிடலாமா மாமா? மைக் இருக்கான்னு கேக்கறேன்."

சொட்டு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு டம்ளரைப் பார்த்தார். டம்ளர் அவரைப் பார்த்தது. சங்கக் கூட்டமும் கைதட்டலும் ஒரு பக்கம். கொட்டகையில் மூச்சு வாங்கும் மகாராணி மறு பக்கம்.

மனைவி அடுக்களைக்குப் போய் வந்தார். டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பையும் அரைக் கரண்டிச் சர்க்கரையையும் போட்டுக் கலக்கினார்.

"என்ன சொன்னீங்க மேடையில? வெறுந்தண்ணி இறங்காதுன்னுதானே?"

"ஆமா."

"இது வெறுந்தண்ணி இல்ல. உப்பு இருக்கு, சர்க்கரை இருக்கு. குடிங்க."

சொட்டின் முகம் மலர்ந்தது. மச்சான் துள்ளி எழுந்தார். "அக்கா, இது போங்கு! தண்ணியில எதைப் போட்டாலும் தண்ணிதான்!"

"உன் கார்ல ரெண்டு பிரேக் இருக்கு. அதனால அது காரு இல்லேன்னு ஆயிடுமா? சும்மா இரு" என்றார் அக்கா. இந்த வாதம் எந்தப் பக்கத்துக்குச் சாதகம் என்று மச்சான் யோசித்து முடிப்பதற்குள் டம்ளர் காலியாகிவிட்டது. அதன் பிறகு சொட்டு, தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளைபோல, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தே இருந்தார். ஜன்னல் செடி மட்டும் அந்த வேளை பட்டினி.

மறுநாள் மாலை வியர்த்தது. அதற்கடுத்த காலையில் காய்ச்சல், சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப்போன விருந்தாளியாக, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்த்தார், தன் நெற்றியையும் தொட்டுப் பார்த்தார், பிறகு அடுக்களைக்குப் போய் யாருக்கும் தெரியாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்து, "செடி வாடுது, ஒரு வாய் ஊத்துங்க" என்று மட்டும் சொன்னார்.

மகாராணி பெருந்தன்மையோடு காத்திருந்தாள்.

இதற்குள் கொட்டகையில் சீர்திருத்தங்கள் வந்துவிட்டன. மாட்டு டாக்டர் வந்து உண்ணிக்கு மருந்து அடித்தார். சொட்டு ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, உண்ணியை நசுக்காமல் இடுக்கியால் பிடித்து மெதுவாக எடுத்தார். வெயில் படக்கூடாது என்பதால் வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையிலான பத்தடி தூரத்தை மனைவியின் பூப்போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு கடந்தார். பக்கத்து வீட்டார் மாடியிலிருந்து, "என்ன அண்ணே, கல்யாண ஊர்வலமா?" என்று கேட்டார்கள். டானிக் கேன் மகாராணியின் தனிச்சொத்தாக மீண்டும் பதிவானது.

மச்சான் புது யோசனையோடு வந்தார். "காய்ச்சல்தான் போயிடுச்சே மாமா. மிச்ச மாத்திரைய என்கிட்ட குடுங்க. அடுத்த பல்லுக்கு ஆகும்."

"உன் அடுத்த பல்லை நானே எடுத்து விடறேன், மருந்தே வேண்டாம்" என்றார் சொட்டு. "முழுசா முடிக்கச் சொல்லியிருக்காங்க. பாதி கறந்த மாட்ட எவனாவது அவுத்து விடுவானா?"

மடியில் மிச்சம் வைத்தால் மடி கெடும் என்று அறிந்த மனிதர் அவர். அந்த ஒரு விஷயம் டாக்டரம்மா சொல்லாமலே அவருக்கு விளங்கியது.

கடைசி மாத்திரைக்குரிய காலையில்தான் மகாராணி முடிவெடுத்தாள். சொட்டு சிற்றுண்டியை முடித்து எழுந்தபோது கொட்டகையிலிருந்து ஒரு நீண்ட குரல் வந்தது. மாத்திரையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, குடையைக்கூட மறந்துவிட்டு ஓடினார்.

மாட்டு டாக்டர் வந்து சேர்வதற்குள் பாதி வேலை நடந்துவிட்டது. மகாராணி படுத்தாள், எழுந்தாள், சுற்றினாள், மறுபடி படுத்தாள். சொட்டு அவள் காதருகே உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். என்ன பேசினார் என்பது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது. அவர் தன் மனைவியிடம் அவ்வளவு பேசியதில்லை. இந்த முறை முன்னங்கால்கள் இரண்டும் ஒழுங்காக முதலில் வந்தன, அவற்றின் மேல் மூக்கு. வாசலில் நின்ற டாக்டர் கையைக் கழுவிக்கொண்டதோடு சரி. "எனக்கு வேலையே வைக்கல. உதையும் இல்ல. ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு, டீ குடிக்க வீட்டுப் பக்கம் போனார்.

பெண் கன்று. நெற்றியில் வெள்ளை. மகாராணி அதை நக்கி நக்கித் துடைத்தாள். சொட்டு அதைத் தூக்கி நிறுத்தினார், அது விழுந்தது, மறுபடி நிறுத்தினார். கடைசியில் அது மடியைக் கண்டுபிடித்து முட்டி முட்டிச் சீம்பாலை உறிஞ்சத் தொடங்கியது. மகாராணி ஒரு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இன்னொரு வாளி வைத்தார். அதையும் குடித்தாள். தண்ணீர் அவள் தொண்டையில் இறங்குவது வெளியிலிருந்தே தெரிந்தது. சொட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் சட்டைப் பை நினைவுக்கு வந்தது.

கொட்டகையில் இருந்த பால் கன்றுக்குரியது. உப்பும் சர்க்கரையும் கலந்த டம்ளர் வீட்டில் இருந்தது. வீட்டில் டாக்டரும் மச்சானும் டீயோடு உட்கார்ந்திருந்தார்கள், மனைவியின் சிரிப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டால் கொண்டு வந்திருப்பார்கள். அவர் கூப்பிடவில்லை.

கையுறைகளைக் கழற்றிக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். அலமாரியிலிருந்து செம்பை எடுத்தார். குழாயைத் திறந்தார். செம்பு நிறைந்தது. மாத்திரையை நாக்கில் வைத்து, அண்ணாந்து, மகாராணி குடித்ததைப் போலவே ஒரே மூச்சில் குடித்து முடித்தார். முகவாயில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார்.

மாத்திரை அந்த ஒரு செம்பிலேயே இறங்கிவிட்டது. இருந்தாலும் குழாயை அவர் மூடவில்லை. இன்னொரு செம்பு பிடித்தார்.